வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பதுளையில் ஆற்றிய உரை)



இந்த உரை நூற்றாண்டு மலரிலும் வெளிவரும் என்று செயலாளர் சொன்னார். அதனால் இங்கே அமர்ந்திருப்பவர்களோடு, டொரன்டோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கும் நம் சகோதரிகளையும் மனதில் வைத்தே பேசுகிறோம். அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். சபை வாலிபர் குழுக்களில் சேர்ந்து, விடுமுறையில் இரண்டு வாரம் ஊழியப் பயணம் என்று ஊவாத் தோட்டங்களுக்கு வருகிறார்கள். வரவேற்கிறோம். அவர்கள் வந்து போன பிறகு தோட்டத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதை, இங்கே வைத்தியம் பார்க்கும் நாங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடல் கடந்து ஊழியத்துக்கு வருவது மலைநாட்டுக்குப் புதிதல்ல. 1854ஆம் ஆண்டு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. அந்தப் பெயரே அன்று நம்மவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லிவிடும். கோப்பித் தோட்டத் துரைமாரின் பணமும் அதில் இருந்தது. ஆனால் லயம் லயமாக நடந்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசிமார். சனங்கள் பேசிய பாஷையே அவர்கள் பாஷை. பின்னர் ஊவாவுக்கு வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் லாங்டன் வந்தார். தம் வேலையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1890இல் லண்டனில் வெளிவந்தது. இப்படி வந்தவர்களோடு எழுத்தும் கணக்கும் மலையேறின. எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. அவர்கள் இருந்து வேலை செய்தார்கள், அதனால் சில காரியங்கள் நிலைத்தன என்பதைத்தான் சொல்கிறோம்.

நம் நாட்டு இளைஞரும் மறுகரைக்குப் போயிருக்கிறார்கள். 1900ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து மாணவர்கள் ஒரு மிஷன் சங்கம் தொடங்கி, இராமநாதபுரம் கரையில் உள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பினார்கள். கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் பலர் தோணி ஏறிய துறைகளில் தொண்டியும் ஒன்று. மாணவர்களின் வேலையாக இருந்தும், அது ஒரு விடுமுறையோடு முடிந்துவிடவில்லை.

இனி இன்றைய கதைக்கு வருவோம். கடந்த ஆண்டுகளில் நாங்கள் கண்டவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறோம்.

வந்த குழு ஒன்று தோட்ட மண்டபத்தில் வைத்திய முகாம் நடத்தியது. பிரஷர் இருந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். கிளினிக்கில் ஏற்கெனவே மாத்திரை எடுக்கும் ஓர் அம்மா இதையும் சேர்த்து விழுங்கினார். பெட்டியில் பெயர் வேறு, உள்ளே மருந்து ஒன்றே. மூன்றாம் நாள் கொழுந்து மலையில் தலைசுற்றி விழுந்தார். நல்லவேளை, காலில் சிராய்ப்போடு போயிற்று. கிளினிக் கொப்பியைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இன்னொரு குழு கொழுந்து எடுக்கும் நேரத்தில் மலைக்குப் போனது. பிள்ளைகள் ஆசையாகக் கூடையை மாட்டிப் படம் எடுத்தார்கள். பெண்களும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மாலையில் நிறுத்தபோது கிலோ குறைந்தது. அன்று அவர்களுக்கு விழுந்தது அரைப் பேர். படம் எடுத்த பிள்ளைகளுக்கு இது இன்றுவரை தெரியாது.

மூன்றாவது நல்ல கதை. ஒரு குழுவில் தாதியாக வேலை செய்யும் ஒரு மகள் இருந்தாள். புறப்படும் முன்பே, "உங்களுக்கு என்ன தேவை?" என்று எழுதிக் கேட்டாள். குடும்பநல மாதுவைக் கேட்டுப் பதில் எழுதினோம். வந்தவர்கள் பத்து நாளும் அந்த மாதுவின் பின்னால் நடந்தார்கள். பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளை நிறுத்தார்கள், உயரம் அளந்தார்கள், அவள் சொன்னபடி பதிவேட்டில் எழுதினார்கள். தண்ணீர்க் குழாயைத் தோட்டத்து இளைஞரோடு சேர்ந்து திருத்தினார்கள். அவர்கள் போன பிறகு குழாய் மறுபடி உடைந்தது. இந்த முறை தோட்டத்துப் பையன்களே திருத்திவிட்டார்கள்.

பதிவேட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறோம் என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் தேசிய அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் சுமார் 17 வீதம், தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம். இந்தக் குறை ஒரு முகாமில் தீராது. தாய் கர்ப்பமாக இருக்கும்போதே தொடங்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, திரிபோஷா, சுத்தமான தண்ணீர், மலசலகூடம், மாதாமாதம் நிறுத்துப் பார்த்தல் என்று வருடக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை இது. செய்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கை போதவில்லை.

ஆகவே அக்காமாரே, உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். அனுப்பும் முன் மூன்று காரியங்கள் செய்யுங்கள்.

முதலாவது, முன்கூட்டியே கேளுங்கள். எங்கள் சங்கத்துக்கு எழுதினால், அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடும் தோட்டத்துத் தாய்மாரோடும் பேசிப் பதில் தருவோம். வெளிநாட்டு வைத்தியர்கள் இங்கே நோயாளரைப் பார்க்க இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு வேண்டும். பெட்டி நிறைய மருந்து கொண்டு வர வேண்டாம். மலைக்கு வேலை நேரத்தில் போகவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு வாருங்கள், தேத்தண்ணீர் கிடைக்கும், கதையும் கிடைக்கும்.

இரண்டாவது, கொஞ்சம் தமிழ் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். "எங்க வலிக்குது?" "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கத் தெரிந்தாலே போதும். தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இன்னும் பெரிய வேலை இருக்கிறது. வைத்தியசாலையில் துண்டு கொடுக்கிறார்கள், ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகும் தாய்க்கு, மாத்திரையைக் காலையிலா இரவிலா குடிப்பது என்று தமிழில் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. எங்களோடு உட்கார்ந்து அதை எழுதட்டும்.

மூன்றாவதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் நமக்குள் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? நம்மில் எத்தனையோ பேர் லயத்திலிருந்து இந்தப் பாடசாலைக்கு நடந்து வந்தவர்கள். பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போன அம்மாவின் சம்பளத்தில் படித்தவர்கள். வெளிநாடு போன பிறகு பலர் அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. பதுளை என்று சொல்கிறோம், தோட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை. அதனால்தான் நம் பிள்ளைகள் இங்கே வந்து, ஏழைகளுக்கு உதவி செய்தோம் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். தாங்கள் மருந்து கொடுத்த பாட்டி, தங்கள் அம்மம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவராக இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

சொல்லி அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனையாம் லயம், எந்தக் காம்பரா என்று சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டு வருகிற பிள்ளை படம் எடுத்துக்கொண்டு போய்விடாது. உறவு தேடி மறுபடியும் வரும். வராவிட்டாலும் கடிதம் எழுதும், அந்த லயத்துப் பிள்ளை ஏ.எல். எடுத்ததா என்று கேட்கும்.

நூற்றாண்டு நிறைவில் கட்டடம் கட்ட நிதி கேட்டார்கள், தாராளமாகக் கொடுத்தீர்கள். இன்று கேட்பதற்குக் காசு வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கு நம் கதையைச் சொல்லுங்கள், பிறகு அவர்களை எங்களிடம் அனுப்புங்கள். வழிகாட்ட நாங்கள் இங்கே இருக்கிறோம்.