பாசம் மட்டும் போதுமா?



'வீட்டில் வளர்க்கும் பிராணிகளுக்கு நாம் தரவேண்டியது பாசமா? பொறுப்பா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி, "நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை பண்றது பாவம், அதுங்களோட தாய்மையைப் பறிக்கலாமா?"ன்னு கேட்டுக் கண் கலங்கினாங்க. நடுவர் ஐயாவே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார். ஐயா, கண்ணாடியில தூசி விழுந்தா துடைச்சுக்கலாம். தீர்ப்புல கண்ணீர் விழுந்தா துடைக்க முடியாது! (சிரிப்பு)

எனக்கு வீடு எம்.கே.பி. நகர். மகாகவி பாரதி நகர். சமைக்க வெச்ச அரிசியைக் குருவிக்கு இறைச்ச மனுஷன் பேரு வெச்ச ஊரு. அங்கே இருந்துகிட்டு உயிர்கள்மேல அன்பு இல்லாம இருக்க முடியுமா? இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்ல ஒரு பூனை வளர்த்தோம். பேரு செல்லி. என் சம்பளத்துல பால் கணக்கு தனி, செல்லி பால் கணக்கு தனி. என் வீட்டம்மா எனக்குக் காப்பி தர மறந்திருக்காங்க. செல்லிக்குப் பால் வைக்க மறந்ததே இல்லை! (சிரிப்பு)

செல்லி வருஷத்துக்கு ரெண்டு ஈத்து. முதல் ஈத்துக் குட்டிங்களை அக்கம்பக்கத்துல கொடுத்தோம். ரெண்டாவது ஈத்துக்குக் கெஞ்சிக் கொடுத்தோம். மூணாவது ஈத்து அஞ்சு குட்டி. என்னைப் பார்த்தாலே எதிர்வீட்டு அக்கா கதவைச் சாத்திடுவாங்க. அப்ப நான் ஒரு காரியம் பண்ணினேன், ஐயா. அஞ்சு குட்டியையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில போட்டு, டி.வி.எஸ். ஃபிப்டியில மாட்டிக்கிட்டு காசிமேட்டுக்குப் போனேன். மீன்பிடித் துறைமுகம், மீனுக்குப் பஞ்சமில்லை, பிழைச்சுக்கும்னு ஒரு ஓரமா இறக்கி விட்டுட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா என் பொண்ணு, அப்ப ஆறு வயசு, கேட்டா: "அப்பா, அதுங்க இன்னும் கண்ணே தொறக்கலையே. மீனு எங்க இருக்குன்னு எப்படிப்பா பார்க்கும்?"

நான் முனைவர் பட்டம் வாங்கினவன். அந்தக் கேள்விக்குப் பதில் எந்த ஆய்வேட்டிலும் இல்லை. வண்டியைத் திருப்பிக்கிட்டு ஓடினேன். பை இருந்தது. குட்டிகள் இல்லை. மூணு நாள் செல்லி வீடு முழுக்கக் கத்திக்கிட்டுத் தேடுச்சு. தங்கச்சி, தாய்மையைப் பறிச்சது மருத்துவரின் கத்தியா, என்னோட பையா?

அடுத்த மாசம் செல்லியை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மயக்க மருந்து கொடுத்து, கருப்பையையும் சினைப்பையையும் எடுத்தாங்க. புண்ணை நக்காம பத்து நாள் பார்த்துக்கிட்டோம். ஆறிப்போச்சு. பொதுவா, பெண் நாய்க்கும் பூனைக்கும் கருப்பையில சீழ் கட்டி உயிருக்கே ஆபத்தா முடியுறது உண்டு. கருப்பையை எடுத்துட்டா அந்த ஆபத்து நீங்கும். சின்ன வயசிலேயே செய்துட்டா மார்பில கட்டி வர்ற வாய்ப்பும் குறையும்.

"இயற்கைக்கு விரோதம்" என்கிறார்கள். ஐயா, நம்ம பாட்டன் ஏர் உழுத காளைக்குக் காயடிக்காமலா நுகத்தடியில பூட்டினான்? அன்றைக்கு மயக்க மருந்துகூடக் கிடையாது!

நம்ம சென்னை வரலாற்றையே பாருங்கள். 1959-இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ், 1964-இலேயே நாய்களுக்குக் கருத்தடை செய்வதே வழி என்றது. ஆனால் மாநகராட்சி பல ஆண்டுகள் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தது. கொல்லக் கொல்ல எண்ணிக்கை குறைந்ததா? இல்லை. மிச்சமிருந்தவை ஈன்று அந்த இடத்தை நிரப்பின. 1996-இல்தான் மாநகராட்சி கருத்தடை வழிக்கு வந்தது. 2001-இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் விதி செய்தது. இன்று எங்கள் பக்கத்துப் புளியந்தோப்பிலேயே மாநகராட்சியின் நாய்க் கருத்தடை மையம் இருக்கிறது. தெருவில் காது நுனியில் சின்ன வெட்டு உள்ள நாயைப் பார்த்தால், அறுவை முடிந்து திரும்பிய நாய் என்று அறியலாம்.

அப்படியும் 2024 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் தெருநாய்கள்! ஏன்? மாநகராட்சி ஒரு பக்கம் தெருவில் பிடிக்கிறது. நாம் இன்னொரு பக்கம் வீட்டுக்குட்டியைப் பையில் கொண்டுபோய்த் தெருவில் விடுகிறோம். ஓட்டைக் குடத்தில் எத்தனை நாள் தண்ணீர் பிடிப்பது? 2023-இல் வந்த புதிய விதி, வீட்டுப் பிராணிக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் வளர்ப்பவர் பொறுப்பு என்றே சொல்கிறது. கவனியுங்கள் நடுவர் அவர்களே, 'பொறுப்பு' என்ற சொல்! (கைதட்டல்)

வள்ளுவர் அன்புடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அருளுடைமைக்கு வேறோர் அதிகாரம் வைத்தார். நம்மைச் சேர்ந்தவர்மேல் பிறப்பது அன்பு. சேராத உயிர்மேலும் செல்வது அருள். செல்லிமேல் எனக்கு அன்பு இருந்தது. அவள் பெற்ற அஞ்சு குட்டிமேல் அருள் இல்லாமல் போயிற்று.

இன்றைக்கும் காசிமேட்டுப் பக்கம் போனால் பூனைகளைப் பார்க்கிறேன். அதில் செல்லியின் சாயல் இருக்கிறதா என்று தேடுகிறேன். என் மாதிரி நீங்களும் தேடவேண்டாம், தாய்மார்களே. கொஞ்சுங்கள், பால் வையுங்கள், மடியில் போட்டுக்கொள்ளுங்கள். அத்தோடு ஒருநாள் மருத்துவரிடமும் தூக்கிக்கொண்டு போங்கள். பொறுப்பில்லாத பாசம் கடைசியில் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போய் முடியும் என்பதைக் கண்ணால் கண்டவன் நான். எனவே, பொறுப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.