ரிங்லெட்டும் லெம்பா பெர்த்தாமும்: ஒரு சொற்பயணம்



கேமரன் மலைக்குச் செல்வோரில் பெரும்பாலோர் ரிங்லெட்டில் நிற்பதில்லை. தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையில் முதலில் எதிர்ப்படும் இச்சிற்றூரைக் கடந்து, தானா ராத்தாவுக்கோ பிரிஞ்சாங்குக்கோ விரைந்துவிடுவர். மொழி பயில்வோர் இங்கேதான் இறங்க வேண்டும் என்பது என் கருத்து. சுற்றுப்புறத் தோட்டத்தாரும் பண்ணையாரும் கொடுக்கல் வாங்கலுக்குக் கூடும் கடைத்தெரு இது. கடைப் பலகைகளில் 'கெடாய்' என்னும் மலாய்ச் சொல்லைக் காண்பீர்கள். அது நம் 'கடை'யே. கப்பலேறிச் சென்ற சொல்லை நம் பிள்ளைகள் இன்று அயற்சொல்லாகக் கற்கிறார்கள்!

ரிங்லெட்டிலிருந்து கீழே இறங்கினால் லெம்பா பெர்த்தாம். 'லெம்பா' என்பது மலாயில் பள்ளத்தாக்கு. 'பெர்த்தாம்' கூரை வேய உதவும் ஒரு பனையினத்தின் பெயர். இதனை இவ்வாறு தமிழில் எழுதியவரின் செவியைப் பாராட்டுகிறேன். மகரத்தை அடுத்த பகரம் தானாகவே ஒலிப்புடையதாகும். ஆதலால் 'லெம்பா'வில் மலாய் ஒலி சிதையவில்லை. 'பெர்த்தாம்' என்பதில் தகரத்தை இரட்டித்திராவிட்டால் அதுவும் மெலிந்து ஒலித்திருக்கும். இரட்டித்ததால் வல்லோசை நின்றது. சொல்முதற் பகரத்துக்கு மட்டும் நம் எழுத்தில் வழியில்லை. அதைப் பேச்சு வழக்கு பார்த்துக்கொள்கிறது. வல்லின ஒலிமாற்றத்தை வகுப்பில் விளக்க இவ்வூர்ப்பெயர் ஒன்றே போதும்.

பள்ளத்தாக்கில் இன்று நெகிழிக் கூரைகளின்கீழ்க் காய்கறியும் பூவும் விளைகின்றன. தேயிலையைக் காண ஹாபு பக்கம் ஏற வேண்டும். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் அங்கே சரிவெங்கும் விரிந்து கிடக்கிறது. 'தேயிலை' என்னும் சொல்லே ஒரு கூட்டுமுயற்சி: 'தே' சீனரின் ஹொக்கியன் மொழி, 'இலை' தமிழ்.

தோட்டத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் 'பெரட்டு', ஆங்கிலப் 'பரேட்'டிலிருந்து வந்தது. வரிசை வீடுகளைக் குறிக்கும் 'லயம்' குதிரை லாயத்திலிருந்து வந்தது என்பாரும் உளர். ஆங்கில 'லைன்', 'லயன்' ஆகிப் பின் 'லயம்' ஆயிற்று என்றே நான் கருதுகிறேன். மகர ஈற்று அஃறிணைப் பெயர்கள் சில னகரத்தோடு உறழும் என்கிறது நன்னூல். நிலம் நிலன் ஆவதும் முகம் முகன் ஆவதும் அவ்வாறே. தோட்டத்து மக்கள் அவ்வழியை எதிர்த்திசையில் நடந்தனர். அதோடு நில்லாமல், 'லயத்து வீடு' என அத்துச் சாரியையும் கொடுத்தனர். எழுத்தறியாதவர் நாவிலும் இலக்கணம் இருந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அச்சொற்களைப் புழங்கியவர்கள் இன்று தோட்டங்களில் குறைந்துவிட்டனர். வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர் அங்கே உழைக்கின்றனர். கொழுந்தைக் கத்தரியும் இயந்திரமும் வெட்டுகின்றன. விரல் ஓய்ந்த இடத்தில் கொழுந்து 'கிள்ளுதல்' என்னும் வினையும் ஓய்ந்துவிடும். அகராதிக்குள் ஏறாமலே மறையக்கூடிய சொற்கள் இவை.

ஓய்வுபெற்ற பெரியவர்களைக் கடைத்தெருத் தேநீர்க் கடைகளில் தேடுங்கள். மாணவர்களே, அவர்களிடம் "இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். படித்த பிள்ளை கேட்கிறது என்று பாடநூற் சொல்லைத் தேடித் தருவார்கள். "தாத்தா, காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பெரட்டு எத்தனை மணிக்கு, கொழுந்தை எங்கே நிறுத்தார்கள், எடையைக் குறைத்துப் போட்டவர் யார் என்று ஒவ்வொன்றாய்ப் பேச விடுங்கள். கங்காணியைப் பற்றிப் பேச்செடுத்தாலோ, பொழுது சாயும்வரை நீங்கள் எழுதிக்கொண்டே இருக்கலாம்.