பூமிக்கடியில் வெயில்: ஸ்டட்கார்ட் ரயில் நிலையத்தின் கதை

(ரயில்வேத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



ஜெர்மனி நாட்டின் ஸ்டட்கார்ட் நகரிலே, பிளாட்பாரம் வரை வெயில் இறங்கும்படியாக பூமிக்கடியில் ஒரு ரயில் நிலையம் கட்ட 2010-ல் தொடங்கினார்கள். அதன் படங்களைப் பார்த்த தோழர்கள் சிலர், "இதைப் பற்றி நமது கருத்து என்ன?" என்று கேட்கிறார்கள். அபாரமான வேலை என்று வாயைப் பிளந்துவிட்டுப் போவதா? முதலாளிகளின் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவதா? இரண்டும் சரியல்ல என்பதே நமது கருத்து.

முதலில் வேலையைப் பார்ப்போம். 1997-ல் இதன் வரைபடத்துக்கான போட்டியில் இங்கென்ஹோவன் என்ற கட்டடக் கலைஞர் வென்றார். 1972 ம்யூனிக் ஒலிம்பிக் மைதானத்தின் கூடாரக் கூரைக்குப் பேர் பெற்ற ஃப்ரை ஓட்டோ அவருக்குத் துணை நின்றார். ஓட்டோவின் முறை எளிமையானது. ஒரு வலையைத் தொங்கவிட்டால் அது தன் பாரத்துக்கு ஏற்ற வடிவத்தைத் தானே எடுத்துக் கொள்ளும். தொங்கும்போது அதில் இழுவிசை மட்டுமே இருக்கும். அந்த வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அமுக்குவிசை மட்டுமே இருக்கும். அமுக்கத்தைத் தாங்குவது கான்கிரீட்டுக்குக் கைவந்த கலை. ஆகவே கனத்தைக் குறைத்து, அகலமான கூரையைப் போடலாம்.

இப்படிப் பிறந்தவைதான் கிண்ணம் போல விரியும் 28 தூண்கள். தூணின் அடி குறுகல். மேலே போகப் போக விரிந்து கூரையாகவே ஆகிவிடுகிறது. அதன் நடுவே கண்ணாடி மூடிய வட்டத் திறப்பு. கூரைக்கு மேலே பூங்கா. பூங்காவில் நடப்பவருக்குக் கண்ணாடிக் குமிழிகள் தெரியும். கீழே நிற்பவருக்கு ஆகாயம் தெரியும். நிலையம் அதிக ஆழத்தில் இல்லை; அதனால்தான் இது சாத்தியம்.

ஒவ்வொரு தூணுக்கும் 300 டன்னுக்கு மேல் கம்பி. எங்கு பார்த்தாலும் வளைவு. நேர்க்கம்பி வேலைக்குப் பழகிய கை இங்கே புதிதாகப் பழக வேண்டும். சென்ட்ரிங் பலகைகளைத் தொழிற்சாலையில் வளைவாகக் கடைந்து கொண்டு வந்தார்கள். படத்தின் கீழே கட்டடக் கலைஞர் பெயர் இருக்கும். கம்பி கட்டியவர் பெயர் இருக்காது. அது நமக்குப் பழகிப் போன விஷயம்.

பூமிக்கடியில் வெளிச்சம் கேட்பது ஆடம்பரம் அல்ல. 1938-ல் திறந்த மாஸ்கோ மாயாகோவ்ஸ்கயா நிலையம் 33 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே வெயிலைக் கொண்டுபோக வழியில்லை. அதனால் ஓவியர் டைனேகா, கூரையிலேயே சோவியத் வானத்தை மொஸைக் சித்திரங்களாகப் பதித்தார். உழைத்துக் களைத்து ரயிலுக்கு நிற்பவன் அண்ணாந்தால் வானம் தெரிய வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான்.

அப்படியானால் சண்டை எதற்கு?

தோழர்களே, நாம் ரயில்வேக்காரர்கள். தண்டவாளத்தை எண்ணிப் பார்ப்போம். மேலே இருந்த பழைய நிலையத்தில் பிளாட்பாரப் பாதைகள் 16. கீழே கட்டுவதில் 8. ரயில் திரும்பாமல் நேரே ஊடுருவிப் போவதால் எட்டே போதும் என்கிறார்கள் திட்டக்காரர்கள். போதாது என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். இன்னொன்று: பிளாட்பாரப் பாதையே ஆயிரத்துக்குப் பதினைந்து மீட்டர் என்ற சரிவில் இருக்கிறது. ரயில் நிற்கும் இடத்தில் இத்தனை சரிவு என்றால், பிரேக் வேலை பார்த்த தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கும் இது சங்கடம்தான்.

பாதைகள் கீழே போனால் நகரின் நடுவே சுமார் 100 ஹெக்டேர் நிலம் காலியாகும். திட்டத்தின் மூலவித்து இங்கேதான் இருக்கிறது. வெளிச்சத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இந்த நிலத்தைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை!

2010 செப்டம்பர் 30-ந் தேதி, பூங்காவின் பழைய மரங்களைக் காக்கக் கூடிய ஜனங்கள் மீது போலீஸ் நீர்ப் பீரங்கியைத் திருப்பியது. கூட்டத்தில் பள்ளி மாணவர்கள் பலர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஓய்வு பெற்ற இஞ்சினீயர் ஒருவருக்குப் பார்வையே ஏறக்குறையப் போய்விட்டது. அன்றிரவே மரங்கள் விழுந்தன. அந்தப் போலீஸ் நடவடிக்கை சட்ட விரோதம் என்று 2015-ல் கோர்ட் தீர்ப்பளித்தது. ஐந்து வருஷம் கழித்து! ஃப்ரை ஓட்டோவும் 2010-ல், நிலத்தடி நீரால் ஆபத்து, வேலையை நிறுத்துங்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். வடிவம் கொடுத்தவரே சொன்னார், கேட்கவில்லை.

மறைக்கக் கூடாத விஷயமும் உண்டு. 2011 நவம்பரில் மாநில ஜன வாக்கெடுப்பு நடந்தது. சர்க்கார் இத்திட்டத்திலிருந்து விலக வேண்டாம் என்று சுமார் 59 சதவீதத்தினர் வாக்களித்தார்கள். ஆனால் அப்போது அவர்களிடம் சொன்ன உச்சவரம்பு 450 கோடி யூரோ. 2013 மார்ச்சில் அது 650 கோடியாயிற்று. பின்னர் 1,100 கோடியைத் தொட்டது. 2019-ல் திறப்போம் என்ற கெடுவும் திரும்பத் திரும்பத் தள்ளிப் போனது.

வேறு வழி இல்லாமலும் போகவில்லை. சமரசம் பேச வந்த ஹைனர் கைஸ்லர் ஆளுங்கட்சியாக இருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர்தான். அவரே 2011 ஜூலையில், கீழே 4 பாதை போடுங்கள், மேலே இருப்பதில் ஒரு பகுதியை வைத்துக் கொள்ளுங்கள் என்றார். அதையும் ஏற்கவில்லை.

2009 அக்டோபரில் தொடங்கிய திங்கட்கிழமைக் கண்டனக் கூட்டங்கள் பத்தாண்டுகளுக்கு மேலும் நடந்தன. முதலில் பல்லாயிரம் பேர். பிறகு சில நூறு பேர். கூரையின் அழகை அவர்கள் பழித்ததாக நாம் கேள்விப்படவில்லை. மேலே இருக்கும் பழைய தண்டவாளங்களைப் பிடுங்காதே என்பது அவர்களுடைய கோஷங்களில் ஒன்று.