பண்டிதர் கேட்ட கேள்வி: தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் வாழ்வும் இசைப்பணியும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் ஜொகூர் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இசை வகுப்பைப் பார்வையிட அமர்ந்திருந்தேன். மேசைமேல் ஒரு மின் கீபோர்டு. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இதிலே 'ச' எந்தக் கட்டை?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் புன்னகைத்துவிட்டுப் பேசாதிருந்தேன். விடை தெரியாமையால் அன்று. எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியாமையால். கறுப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு கட்டைகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. ஏழு சுரங்கள் நம்முடையவை. இவ்விரண்டும் எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை? இக்கேள்வியைத் தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதும் சுமந்து திரிந்த ஒரு பள்ளியாசிரியரைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

ஐரோப்பிய இசை வரலாற்றைப் புரட்டினால் ஒருவரே பாடலாசிரியராகவும், தேவாலய ஆர்கன் வாசிப்பவராகவும், பள்ளியாசிரியராகவும் விளங்கியமை அடிக்கடி தென்படும். செபாஸ்டியன் பாக் 1723ஆம் ஆண்டு முதல் லைப்சிக் நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை கற்பித்து ஊதியம் பெற்றவரே. போலந்திலும் செருமனியிலும் இத்தகையோர் பலர். கற்பிப்பவனே ஆக்குவோனும் ஆராய்வோனுமாக இருக்கும் அந்த மரபுக்குத் தமிழில் நேர் காட்டு வேண்டுமாயின், என் விரல் முதலில் சுட்டுவது தஞ்சை ஆபிரகாம் பண்டிதரையே.

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், தென்காசிக்கு அண்மையிலுள்ள சாம்பவர் வடகரையில் முத்துசாமி, அன்னம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே ஆசிரியருமானார். அந்நாளில் சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் பிடில் கற்றார். மேனாட்டு இசையையும் அதன் குறியீட்டு முறையையும் பின்னர் தஞ்சை ஏ.ஜி. பிச்சைமுத்து அவர்களிடம் பயின்றார். ஆக, ஒரு காதில் கருநாடக இசையும் மறுகாதில் மேனாட்டு இசையுமாக வளர்ந்தவர் அவர். பின்னாளில் அவர் எழுப்பிய வினாக்களுக்கு இந்த இரட்டைப் பயிற்சியே வித்து என்பது என் எண்ணம்.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். மறு ஆண்டு இருவரும் தஞ்சையில் நேப்பியர் சீமாட்டி பெயரால் அமைந்த பெண்கள் பள்ளியில் பணியேற்றனர். ஆனால் அவருக்கு இன்னொரு நாட்டமும் இருந்தது. சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரிடம் சித்த மருத்துவம் கற்றிருந்தார். 1890 அளவில் ஆசிரியப் பணியை விடுத்து முழுநேர மருத்துவரானார். தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகையும் கரும்பும் பயிரிட்டார். ஊரார் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றனர். தோட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நினைவுக்கு வருவது ரப்பர் மரமும் வரிசை வீடுகளும். இவரது தோட்டமோ மருந்துக்கும் இசைக்கும் பொருள் ஈட்டித் தந்த தோட்டம். எந்த மன்னரின் மானியத்தையும் எதிர்பாராது, மருந்து விற்ற காசில் இசையாராய்ச்சி நடந்தது.

தமிழிசை என்றவுடன் எல்லாம் அரசவையிலும் ஆதீனத்திலும் நிகழ்ந்தவை என்று கருதும் பழக்கம் நம்மிடம் உண்டு. பண்டிதர் அவைக்கலைஞர் அல்லர். பரம்பரை இசைக்குடும்பத்தவரும் அல்லர். கிறித்தவர், மருத்துவர், முன்னாள் வாத்தியார். 'இசையைப் பற்றிப் பேச இவருக்கு என்ன உரிமை?' என்ற கேள்வி வாய்விட்டும் விடாமலும் எழக்கூடிய காலம் அது. அதற்கு அவர் அளித்த மறுமொழி சினமன்று, மாநாடு.

1912ஆம் ஆண்டு தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்ற அமைப்பை நிறுவினார். 1916 வரை ஏழு இசை மாநாடுகளைக் கூட்டினார். பாடகரும் வீணை வல்லுநரும் நூலறிஞரும் வந்தனர். செலவு அவருடையது. அரங்கில் கச்சேரி மட்டும் நடைபெறவில்லை. சுருதி எத்தனை, இராகம் எவ்வாறு பிறக்கிறது என்ற வாதங்களும் நடைபெற்றன. இசைவாணர்கள் தத்தம் குருவின் வழியை மறைவாய்க் காத்துவந்த காலத்தில், எல்லாரையும் ஒரே பந்தலின்கீழ் அமர்த்திக் காரணம் கேட்டது சிறிய செயலன்று.

அவர் பாடல்களும் இயற்றினார். தொண்ணூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனைகள் அடங்கிய 'கருணாமிர்த சாகரத் திரட்டு' 1907இல் வெளிவந்தது. தமிழில் பாட்டு, தமிழிலேயே சுரக்குறிப்பு. கற்பிப்பதற்கென்றே ஆக்கப்பட்டது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் உணரலாம். எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது அடுத்த நூலே.

'கருணாமிர்த சாகரம்' 1917இல் வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். அதை அச்சிடத் தஞ்சையில் தாமே ஓர் அச்சுக்கூடம் அமைத்தார். ஆளுநர் லாலியின் பெயரை அதற்கு இட்டார். மாணவர்களே, இந்நூலைக் கையிலெடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. முற்பகுதியில் கடல்கொண்ட நிலத்தைப் பற்றியும் இலெமூரியா பற்றியும் நீண்ட பகுதி வரும். அக்காலத்து அறிஞர் பலர் நம்பிய கருத்து அது. இன்றைய நிலவியல் அதனை ஏற்பதில்லை. அப்பகுதியைக் காலத்தின் தடமாகப் படித்துக் கடந்து செல்லுங்கள். அதற்காக நூலையே மூடிவிட்டால் இழப்பு நமக்கே.

நூலின் உயிர் சுருதிக் கணக்கில் இருக்கிறது. அதைச் சற்று நின்று காண்போம்.

சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் உரையுடன் அச்சேற்றிய ஆண்டு 1892. அதற்கு முன் அரங்கேற்று காதையின் இசைச்செய்திகள் பரவலாக அறியப்படவில்லை. பண்டிதர் தம் ஆராய்ச்சியில் இறங்கியபோது அப்பதிப்பு புதிது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு பெயர்களும், ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்ற நான்கு வகைகளும் அங்கே இருந்தன. பெரும்பாலோர் அவற்றை அருஞ்சொற்களாகக் கண்டு பொருளெழுதி அகன்றனர். பண்டிதர் அவற்றைக் கணக்காகக் கண்டார். ஒரு தாயியை, அதாவது கீழ்ச் சட்சம் முதல் மேல் சட்சம் வரையுள்ள இடைவெளியை, ஆயப்பாலை பன்னிரண்டாகவும் வட்டப்பாலை இருபத்து நான்காகவும் திரிகோணப்பாலை நாற்பத்தெட்டாகவும் சதுரப்பாலை தொண்ணூற்றாறாகவும் பகுக்கின்றன என்றார். அப்பகுப்புகள் யாவும் சம அளவின என்றும் கூறினார்.

இங்கேதான் போர் மூண்டது. வடமொழி இசைநூல் மரபில் சுருதிகள் இருபத்திரண்டு. தமிழ் உரையிலும் குரல் நான்கு, துத்தம் நான்கு, கைக்கிளை மூன்று, உழை இரண்டு, இளி நான்கு, விளரி மூன்று, தாரம் இரண்டு என அலகுகள் வருகின்றன. கூட்டிப் பாருங்கள், இருபத்திரண்டே. பண்டிதரின் விளக்கம்: மூல அலகுகள் இருபத்து நான்கு, பண்ணின் இனிமை கருதிக் கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்து வாசித்தனர், குறைத்த கணக்கையே பிற்காலத்தார் முழுக்கணக்கென்று மயங்கினர்.

இதை வகுப்பறையிலேயே சோதிக்கலாம். தொண்ணூறு சென்டிமீட்டர் நீளத் தந்தி ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். மீட்டினால் வருவது 'ச'. நடுவில், நாற்பத்தைந்தில், விரல் வைத்தால் மேல் 'ச'. அறுபதில் விரல் வைத்தால், அதாவது மூன்றில் இரு பங்கு நீளத்தில், 'ப'. இனி, சம அளவான இருபத்து நான்கு அலகுகளில் பஞ்சமம் பதினான்காவது. அதன் இடம் கணக்குப்படி 60.07 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் வேறுபாடுகூட இல்லை. இருபத்திரண்டையும் சம அளவாகக் கொண்டால் பதின்மூன்றாம் அலகில் பஞ்சமம் 59.75 சென்டிமீட்டரில் விழும். இரண்டரை மில்லிமீட்டர் பிசகு. தேர்ந்த காது இதனைக் கண்டுகொள்ளும். சம அளவென்றால் இருபத்திரண்டு நிற்காது என்ற பண்டிதரின் வாதம் இவ்வளவில் வலிவுடையது.

ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் காட்டுவதே ஆசிரியன் கடமை. இருபத்திரண்டு என்றவர்கள் அவை சமம் என்று எப்போது சொன்னார்கள்? மேலும், அந்தர காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே தந்தியில் ஐந்தில் நான்கு பங்கு, எழுபத்திரண்டு சென்டிமீட்டரில், அது இயல்பாய் இனிக்கிறது. தம்பூராவை நன்றாகச் சுருதி சேர்த்தால் அக்காந்தாரம் தானாகவே காற்றில் எழுவதைக் கேட்டிருப்பீர்கள். சமப்பகுப்பில் அதன் இடம் 71.43. வேறுபாடு ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர். ஆர்மோனியத்தின் காந்தாரம் தம்பூராவோடு ஒட்டாமல் நிற்பதன் காரணம் இதுவே. சமப்பகுப்பு பஞ்சமத்தைக் காத்தது, காந்தாரத்தைக் கைவிட்டது.

மேனாட்டாரும் இச்சிக்கலில் அகப்பட்டவர்களே. பஞ்சமம் பஞ்சமமாகப் பன்னிரு முறை ஏறினால், ஏழு தாயிகள் கடந்து தொடங்கிய சுரத்துக்கே திரும்ப வேண்டும். ஒன்றரையைப் பன்னிரு முறை பெருக்கினால் 129.75 வருகிறது, இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. வட்டம் மூடுவதில்லை. அந்தச் சிறு எச்சத்தை எங்கே ஒளிப்பது என்பதே ஆர்கனும் பியானோவும் செய்தவர்களின் பல நூற்றாண்டுத் தலைவலி. எல்லாக் கட்டைகளுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுவது அவர்கள் இறுதியில் தேர்ந்த வழி. பண்டிதரோ, அந்தச் சமப்பகுப்பை நம் முன்னோர் முன்பே அறிந்திருந்தனர் என்றார். சிலப்பதிகாரமும் உரைகளும் வட்டத்தையும் இராசி வீடுகளையும் சொல்கின்றன. சம அளவென்று வெளிப்படையாய்ச் சொல்லவில்லை. தாம் கற்ற மேனாட்டுக் கல்வியின் ஒளியில் பழம்பாட்டைப் படித்தார் என்றே நான் கருதுகிறேன். இப்படிச் சொல்வதால் அவர் பெருமை குறையும் என்று அஞ்சுவோர், அவர் நடத்திய மாநாடுகளின் நோக்கத்தை மறந்தவர்கள்.

1916 மார்ச்சில் பரோடா மன்னரின் ஆதரவில் அனைத்திந்திய இசை மாநாடு கூடியது. பாத்கண்டே முன்னின்று நடத்திய அவை. பண்டிதர் அங்குச் சென்று தம் கொள்கையை எடுத்துரைத்தார். தம் வீட்டுப் பெண்மக்களையும் அழைத்துச் சென்று, அவர்கள் பாடியும் வீணை வாசித்தும் காட்டச் செய்தார். அன்றைய சூழலில் குடும்பப் பெண்கள் அறிஞர் அவையில் இசைச்சான்று காட்டியது எத்துணைத் துணிவு என்பதை எண்ணிப் பாருங்கள். அவையோர் அனைவரும் ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. இருபத்திரண்டு என்ற மரபு எளிதில் அசையவில்லை.

1919 ஆகஸ்டு 31ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இரண்டாம் பகுதியை மகள் மரகதவல்லி துரைபாண்டியன் 1946இல் வெளியிட்டார். மறு ஆண்டே, 1947இல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக விபுலாநந்த அடிகளின் 'யாழ்நூல்' வந்தது. மட்டக்களப்புப் பகுதியிலிருந்து வந்த துறவி, விஞ்ஞானம் பயின்றவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர். அவர் அதே சிலப்பதிகாரத்தை எடுத்து, அதே ஏழு பெயர்களை எடுத்து, இருபத்திரண்டு அலகே சரியென நிறுவினார். பண்டிதரின் மகன் வரகுண பாண்டியன் 1950இல் 'பாணர் கைவழி' என்ற யாழ்நூலை எழுதித் தந்தையின் பக்கம் நின்றார். மூன்று நூல்களையும் ஒன்றாக வைத்துப் படித்தால், இசையை நடுவாகக் கொண்ட நல்லதொரு வழக்காடு மன்றம் கண்முன் விரியும். பயிற்சி ஆசிரியர்களுக்கு ஆய்வுத் தலைப்பு வேண்டுமாயின் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை.

இக்கருத்துகளுக்கிடையே எவரும் மறுக்காத ஒன்று உண்டு. நாம் இன்று கருநாடக இசை என வழங்கும் முறைக்கு வேர்கள் பழந்தமிழ்ப் பண்முறையில் இருக்கின்றன என்பதைப் பாட்டாலும் கணக்காலும் ஆராயத் தகுந்த வினாவாக மாற்றியவர்களுள் பண்டிதர் முன்னோடி. பாலைகளைக் குரல் திரித்து, அதாவது ஒவ்வொரு சுரத்தையும் சட்சமாக மாற்றிக்கொண்டு, புதிய பண்களைப் பெறும் முறையை அவர் விரித்துரைத்தார். பின்வந்தோர் பலர் செம்பாலையை இன்றைய அரிகாம்போதியாகக் கொள்வர். அந்த அரிகாம்போதியின் ரிடபத்தைச் சட்சமாக்கி அதே கட்டைகளை வாசித்தால் நடபைரவி. மத்திமத்தைச் சட்சமாக்கினால் சங்கராபரணம். இதற்குக் கீபோர்டே போதும்.

அந்த மாணவியிடம் மறு வாரம் திரும்பிச் சென்றேன். "உனக்குப் பாட வசதியான கட்டை எதுவோ அதை அழுத்து; அதுதான் 'ச'" என்றேன். அவள் ஒரு கறுப்புக் கட்டையை அழுத்தினாள். அங்கிருந்து ஏழாவது கட்டையை எண்ணச் சொன்னேன், 'ப' கிடைத்தது. பிறகு தம்பூரா ஒலிப்பதிவை இயக்கி, காந்தாரக் கட்டையை அழுத்தச் சொன்னேன். சற்றுக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் சேரலையே ஐயா" என்றாள். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.