பெரட்டுக் களமும் கணினி வலையும்



தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. இருட்டுக் கலையாத நேரத்தில் ஆபீஸ் வாசலிலோ ஸ்டோர் ஓரத்திலோ ஆட்கள் கூடுவார்கள். பெயர் அழைப்பு நடக்கும். யாருக்கு எந்த நிரை, இன்றைக்கு வராதவருடைய மரங்களை யார் வெட்டுவது, மருந்தடிக்க எத்தனை பேர் என்பதெல்லாம் சிறிது நேரத்தில் முடிவாகிவிடும். பிறகு அவரவர் காட்டுக்குப் போவார்கள். முடிவு செய்வது ஓரிடத்தில். வேலை நடப்பது வேறிடத்தில்.

பெரட்டே இல்லாத ஒரு தோட்டத்தை இப்போது எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தொழிலாளியும் பக்கத்து நிரைக்காரரை மட்டும் கேட்டுத் தம் வேலையைத் தாமே முடிவு செய்கிறார். செய்தி வாய்க்கு வாய் பரவுகிறது. வேலை நடக்கத்தான் செய்யும். ஆனால் முழுத் தோட்டத்தையும் ஒரே பார்வையில் பார்ப்பவர் எவரும் இல்லை.

நம் கைத்தொலைபேசிக்குச் செய்தி கொண்டு வரும் இணையம் நெடுங்காலம் இப்படித்தான் ஓடியது; பெரும்பகுதி இன்னும் இப்படித்தான் ஓடுகிறது. நாம் அனுப்பும் படமோ பேச்சோ சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. வழியில் ரௌட்டர், சுவிட்ச் என்னும் பெட்டிகள் பல உண்டு. ஒவ்வொரு பெட்டியும் அண்டைப் பெட்டியோடு பேசி, எந்தப் பொட்டலத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தானே முடிவு செய்யும். தள்ளும் வேலையையும் தானே செய்யும். இந்த முறையைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். ஒரு பெட்டி பழுதானாலும் மற்றவை சுற்றுவழி கண்டுபிடித்துக்கொள்ளும். பெரிய நன்மை அது.

குறை எங்கே என்றால், பெட்டிக்குள் இருக்கும் மூளையை விற்ற நிறுவனம் மட்டுமே மாற்ற முடியும். புதிய வழிமுறை ஒன்றைச் சிந்தித்த மாணவர் அதை உண்மையான வலையில் ஓட்டிப் பார்க்க இடமில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கசாடோ என்ற ஆய்வு மாணவரும் நிக் மெக்கியோன் என்ற பேராசிரியரும் வேறு சிலரும் இந்தத் தடையைத்தான் உடைக்கப் பார்த்தார்கள். 2007இல் ஈத்தேன் என்ற சோதனை வலை, 2008இல் ஓப்பன்ஃப்ளோ என்ற பொது மொழி. பெட்டிகளிலிருந்து மூளையை எடுத்து ஒரு தனிக் கணினியில் வைத்தார்கள். அதைக் கட்டுப்பாட்டகம் என்று சொல்லலாம். பெட்டியிடம் ஒரு பட்டியல் மட்டும் இருக்கும்: இந்த முகவரிப் பொட்டலம் வந்தால் இந்தப் பக்கம் அனுப்பு, அந்த முகவரி வந்தால் தடு. பட்டியலில் இல்லாத ஒன்று வந்தால் கட்டுப்பாட்டகத்தைக் கேட்கும். பெரட்டில் கேட்டு வேலைக்குப் போவது போல. இந்த முறைக்கு மென்பொருள் வழி ஆளப்படும் வலையமைப்பு என்று பொருள்தரும் ஆங்கிலப் பெயர் 2009இல் வழக்குக்கு வந்தது. சுருக்கமாக எஸ்.டி.என். என்பார்கள்.

பினாங்கில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. தீவுக்கு 1985இல் முதற் பாலம் வந்தது. 2014இல் பத்து காவானிலிருந்து இரண்டாம் பாலம் வந்தது. மாலையில் ஒவ்வொரு ஓட்டுநரும் தாமே ஒரு பாலத்தைத் தேர்ந்தெடுக்கிறார். ஒன்று நெரியும்போது மற்றது காலியாகக் கிடக்கலாம். இரண்டையும் மேலிருந்து பார்த்து வண்டிகளைப் பிரித்துவிடும் ஒருவர் இருந்தால்? கூகுள் நிறுவனம் தன் கணினிக் கூடங்களுக்கு இடையிலான இணைப்புகளில் இதைச் செய்தது. வழக்கமாக நீண்டதூர இணைப்புகளில் முப்பது நாற்பது விழுக்காடு மட்டுமே பயன்படும். மீதி அவசரத்துக்கென்று சும்மா கிடக்கும். மைய மூளை வைத்த பிறகு பல இணைப்புகளை ஏறக்குறைய முழுக் கொள்ளளவுக்கும் ஓட்ட முடிந்தது என்று அந்நிறுவனத்தார் 2013இல் கட்டுரை எழுதினார்கள்.

சரி, இதைக் கற்க ஸ்டான்ஃபோர்டுக்கா போக வேண்டும்? குளுகோரில், முன்னாளில் ஆங்கிலேயப் பட்டாளம் தங்கியிருந்த மிண்டன் வளாகத்தில் இருக்கிறது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். நிறுவப்பட்ட ஆண்டு 1969. அங்கே வலையமைப்பு ஆய்வுக்கென்று ஒரு குழு வளர்ந்து, தேசிய உயர்நிலை ஐபிவி6 மையம் என்ற பெயரில் நாட்டளவில் அறியப்பட்டது. அதை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தியவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். அந்தக் குழுவின் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் ஆராய்ந்த பொருள்களில் இந்த எஸ்.டி.என். ஒன்று. அதிலும் அவர்கள் நெடுநாள் நின்று பார்த்த கேள்வி ஒன்றைச் சொல்கிறோம். ஆராய்ச்சி என்றால் என்னவென்று அதிலிருந்தே விளங்கும்.

மூளை ஓரிடத்தில் இருப்பது வசதி. ஆனால் கிராணி படுத்துவிட்டால் பெரட்டே நின்றுவிடுமே! கெட்ட எண்ணமுள்ளவர்கள் பொய்யான அனுப்புநர் முகவரிகளோடு ஆயிரக்கணக்கான பொட்டலங்களை வீசுகிறார்கள். எதுவும் பட்டியலில் இல்லை. பெட்டி ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பாட்டகத்தைக் கேட்கிறது. கேள்விகள் குவிந்து மூளை திணறுகிறது. நல்லவர்களின் பொட்டலங்களும் தெருவில் நிற்கின்றன. இப்படிப்பட்ட தாக்குதலைக் கண்டுபிடிக்கும் முறைகளை ஒப்பிட்டு 2020இல் அங்கிருந்து ஒரு மதிப்பாய்வுக் கட்டுரை வெளிவந்தது.

ஒரு முறை இது. சாதாரண நாளில் பொட்டலங்கள் பல முகவரிகளுக்குச் சிதறிப் போகும். தாக்குதலின்போது ஒரே முகவரியை நோக்கிக் குவியும். சிதறலை எண்ணால் அளந்துகொண்டே வந்து, அது திடீரென்று குறைந்தால் மணியடிக்கலாம். கேட்பதற்கு எளிது. ஆனால் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியாகும் காலையில் என்ன ஆகும்? நாடு முழுவதும் பிள்ளைகள் ஒரே இடத்தைத்தான் தட்டுகிறார்கள். அது தாக்குதலா, ஆவலா? எதிராளியும் முட்டாளல்ல; அவன் பல முகவரிகளுக்குச் சிதறி வீசினால் அந்த அளவுகோல் ஏமாந்துபோகும். இந்த இரண்டையும் பிரித்தறியும் வழியைத் தேடுவது ஒரு மாணவருக்கு இரண்டு ஆண்டு வேலை.

இத்தகைய படிப்பில் ஆசிரியர் கரும்பலகையில் எழுத மாணவர் பார்த்து எழுதும் வேலை குறைவு. வாரந்தோறும் சில ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து வர வேண்டும். அவை சொல்வது சரிதானா, எதைச் சொல்லாமல் விட்டன என்று மற்றவர் முன் வாதாட வேண்டும். பிறர் செய்த சோதனையைத் தாமே மறுபடி செய்து பார்க்க வேண்டும். பல தடவை அதே விடை வராது! ஏன் வரவில்லை என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதுதான் உண்மையான பாடம். பெற்றோர் பார்க்கும்போது பிள்ளை திரையை வெறித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும்.

ஆய்வு என்றதும் பெரிய இயந்திரங்கள் வேண்டும், அதெல்லாம் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று நினைக்கிறோம். இந்தத் துறையில் அந்த அச்சம் வேண்டாம். மினிநெட் என்ற மென்பொருள் 2010 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே மடிக்கணினிக்குள் நூற்றுக்கணக்கான சுவிட்சுகள் கொண்ட வலையைப் போலியாகக் கட்டி ஓட்டலாம். கட்டுப்பாட்டக மென்பொருள்களும் இலவசமாகவே உண்டு. நிபோங் திபாலில் ஓர் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தும் தொடங்கலாம்.

ஆனால் சோறு இலவசமல்ல. பட்டம் முடித்த மகள் இன்னும் இரண்டாண்டு படிக்கிறேன் என்றால், தம்பியின் கட்டணமும் பி.டி.பி.டி.என். கடனும் நினைவுக்கு வருவது இயல்புதான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கிய காலத்திலிருந்து ஆலை வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் நாம்; கைக்கு வரும் மாதச் சம்பளத்தின் அருமை நமக்குத் தெரியும். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்பது தவறென்று நாம் சொல்லமாட்டோம். கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள் என்கிறோம்.

ஆய்வுவழி முதுகலையில் எல்லாம் வழிகாட்டும் பேராசிரியரைப் பொறுத்தது. அவரிடம் ஆய்வு மானியம் இருந்தால் மாணவரை ஆய்வு உதவியாளராக வைத்து மாதந்தோறும் உதவித்தொகை தர வழியுண்டு. மானியம் இருக்கிறதா, எத்தனை மாதத்துக்கு இருக்கிறது, அவரிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று சேருவதற்கு முன்பே பணிவாகக் கேட்டுவிட வேண்டும். சேர்ந்த பிறகு கேட்பதில் பயனில்லை. பாதியில் விட்டவர்களும் உண்டு. பணத்தாலும் விட்டார்கள், தனிமையாலும் விட்டார்கள். வகுப்புத் தோழர்கள் இல்லாத படிப்பு இது. வாரம் ஒருமுறை பேராசிரியரைப் பார்ப்பதைத் தவிர நாளெல்லாம் தனியாக உழைக்க வேண்டும். மகள் இரவில் பேச வந்தால், விளங்காவிட்டாலும் உட்கார்ந்து கேளுங்கள்.

பேராசிரியருக்கு எழுதும் முதற் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் விளங்காத ஓர் இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்டு எழுதினால் போதும். மதிப்பெண் பட்டியலைப் பிறகு அனுப்பலாம்.