கோடை வருமுன் அணைக்கு வழி காண்போம்!

(பதுளையில் நடைபெற்ற விவசாயிகள் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

    

ஆற்றணை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கோடிக்கணக்கில் பணம் கொட்டிக் கட்டும் பேரணையைப் பற்றியல்ல. மணல் மூட்டையும் மரக்குற்றியும் கொண்டு, இடுப்பளவு உயரத்தில், இரண்டு மாதம் நிற்பதற்காகக் கட்டப்படும் சிற்றணையைப் பற்றியே பேச வந்தேன். அற்பப் பொருள் என எண்ணாதீர்கள். ஆடியிலும் ஆவணியிலும் கச்சான் காற்று வீசி, சிறுபோக வயல் வெடித்துக் கிடக்கும்போது, அந்தச் சிற்றணையே ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு.

இது நமக்குப் புதிய வித்தையுமன்று. ஆங்கிலப் பொறியியலாளர் ‘அனிகட்’ என்று எழுதுவது நம்முடைய அணைக்கட்டையே. காவிரியில் நீர் தாழும்போது வாய்க்கால் தலைப்பில் உழவர் இடும் தற்காலிக அணைக்குக் ‘கொரம்பு’ என்று பெயர். இம்மலை நாட்டில் சிங்கள உழவர் ‘அமுண’ என்பர். பெயர் வேறு; தேவை ஒன்று.

யாருடைய ஆறு?

வறட்சி மிகுந்த ஓராண்டில் நான் கண்ணாற் கண்டதைச் சொல்லுகிறேன். மேலே தோட்ட லயங்கள். கீழே சிங்களக் கிராமத்து வயல்கள். நடுவே நம்மவர் மரக்கறி பயிரிடும் சிறு துண்டு நிலங்கள். பீலியில் நீர் நூலாக ஒழுகியது. ஓடைக்குக் குறுக்கே தடுப்பிட அனுமதி வேண்டி ஆனி மாதத்தில் மனுக் கொடுத்தனர். ஆறு எங்கள் பொறுப்பன்று என்றது ஒரு கந்தோர். கரை தோட்டத்துக்குரியது என்றது மற்றொன்று. தலைமையகத்தின் கடிதம் வேண்டும் என்றது தோட்ட நிருவாகம். மனு மலையேறி இறங்கியது, தண்ணீர் ஏறவில்லை. அனுமதி கைக்கு வந்தபோது ஐப்பசி மழை பிடித்துவிட்டது!

அதற்கிடையில் நடந்ததுதான் கொடுமை. பொறுமையிழந்த வாலிபர் ஓரிரவில் ஓடையை முற்றாக அடைத்துவிட்டனர். விடிந்ததும் கீழ்க் கிராமத்தார் மண்வெட்டியோடு வந்து நின்றனர். தமிழன், சிங்களவன் என்ற பேச்சு எழுந்தது. தண்ணீர்ச் சண்டைக்கு இனச் சாயம் பூச ஒரு மூட்டை மணல் போதுமாயிற்று! அன்று இரு பக்கத்துப் பெரியவர்களும் குறுக்கே நின்றிராவிடில் இரத்தம் சிந்தியிருக்கும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1947ஆம் ஆண்டின் அரச காணிக் கட்டளைச் சட்டப்படி, பொது ஓடைகளின் நீர் அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்கு உட்பட்ட சிறு பாசன வேலைகள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சாரும். அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களத்தைச் சாரும். குடிநீருக்கு இன்னொரு சபை. தோட்டக் காணியோ கம்பனிகளின் குத்தகையில் உள்ளது. கமக்காரர் அமைப்பு கமஞ்செய்வோருக்கானது. பீலியை நம்பி வாழும் தொழிலாளிக்கு அங்கே ஆசனமில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட வழி விடவில்லை. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள், நண்பர்களே! வாக்குக் கேட்க வந்த சபை, வாய்க்கால் வெட்ட வர இயலாதிருந்தது.

அனுமதி எதற்கு?

“அப்படியானால் அனுமதியே வேண்டாம், நாமே கட்டுவோம்” என்பார் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். ஆறு நம் வாசலோடு முடிவதில்லை. பதுளு ஓயா மகாவலியிற் சேருகிறது. நமுனுகுல மலையில் பிறக்கும் மாணிக்க கங்கையில்தான், கதிர்காமக் கந்தன் சந்நிதியில், ஆடி விழாக் காலத்தில் பக்தர் நீராடுகின்றனர். மேலே நாம் அடைப்பது கீழே ஒருவருக்குக் குறையும்.

மலையின் நீரோட்டத்தில் கைவைத்தால் என்ன நேரும் என்பதை உமா ஓயாத் திட்டம் காட்டிற்று. 2014 டிசம்பரிலும் 2017இலும் சுரங்கத்துள் நீர் பெருகிப் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. வற்றிய கிணற்றை எட்டிப் பார்த்தவர் அந்நாட்களை மறப்பாரா? ஆகவே ஆராய்ச்சியும் அனுமதியும் வேண்டும். ஆனால் அவை காலத்தில் வரவேண்டும்!

கந்தோர்கள் வழக்காடும்போது பயிர் காத்திருப்பதில்லை. 2023 வறட்சியில் சமனலவெவ நீரை மின்சாரத்துக்கு வைப்பதா, உடவளவ வயல்களுக்கு விடுவதா என்று அமைச்சுகள் வாதிட, உழவர் வீதிக்கு வந்து போராட வேண்டியதாயிற்று.

வேறு நாட்டார் செய்ததைப் பாருங்கள். 2015இல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. ஆறு மெலிய, கடலுப்பு உள்ளேறும் அபாயம் தோன்றியது. 750 அடி நீளக் கல்லணை ஒன்றை ஆற்றுக்குக் குறுக்கே இட்டு, அவ்வாண்டு மாரிக்கு முன்னரே அகற்றினார்கள். அது எப்படி இயன்றது? முந்திய ஆண்டிலேயே திட்டம் வகுத்து வைத்திருந்தார்கள். நம் நாட்டிலும், களனி கங்கை வற்றும்போது கொழும்பின் குடிநீரைக் காக்க அம்பத்தளையில் மணல் மூட்டைத் தடுப்பு இட்டதுண்டு. தலைநகரின் தாகத்துக்கு எழும் மூட்டை, பதுளை லயத்தின் தாகத்துக்கு எழக்கூடாதா?

செய்யவேண்டியவை

முதலாவது: சித்திரையிலேயே இடங்களைக் குறிப்போம். பாறை அடித்தளமும் ஒடுங்கிய கரையும் உள்ள இடத்தைப் பொறியியலாளர் பார்த்து ஒப்பம் வைக்கட்டும். நீர்மட்டம் குறித்த அளவுக்குத் தாழ்ந்தவுடன் அனுமதி தானே நடைமுறைக்கு வரவேண்டும்.

இரண்டாவது: மனு ஒன்று, கந்தோர் ஒன்று. மாவட்டச் செயலாளரின் விவசாயக் குழுவில் அனைத்துத் திணைக்களங்களும் தோட்ட நிருவாகமும் ஒரே நாளில் அமர்ந்து முடிவு சொல்லட்டும். அம்மேசையில் தோட்டத் தொழிலாளிக்கும் கீழ்க் கிராமத்தானுக்கும் ஆசனம் வேண்டும். தமிழும் ஆட்சிமொழியென 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. மனுப் பத்திரமும் தமிழில் கிடைக்கட்டும்.

மூன்றாவது: முழு ஆற்றையும் அடையாதீர்கள். அணையின் அடியிற் குழாய் பதித்துக் கீழுள்ளோர் பங்கை விடுங்கள். நடுவைத் தாழ்த்தி மிகை நீர் வழியச் செய்யுங்கள். கரையை வெட்டி மண்ணெடுக்காதீர்கள். குடிநீர் முதலில், பயிர் அடுத்தது.

நான்காவது: கட்டும் நாளோடு கலைக்கும் நாளும் அனுமதியில் எழுதப்படவேண்டும். புரட்டாசி முடியுமுன் ஒவ்வொரு மூட்டையும் கரையேற வேண்டும். விட்டுவைத்தால் மாரி வெள்ளம் அவற்றை உருட்டிச் சென்று மதகையும் பாலத்தையும் அடைக்கும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்தையில் மலை சரிந்ததைக் கண்ட மாவட்டம் இது. நீர் போக வழியின்றி மலையடியில் தேங்குவதை நாம் பொறுக்கலாகாது.

படித்த நண்பர்களே! மனு எழுதுவதும் வரைபடம் கீறுவதும் உங்கள் பங்கு. உழவர் பெருமக்களே! மூட்டை சுமப்பதும் பின்னர் அகற்றுவதும் உங்கள் பங்கு. அண்டைக் கிராமத்துச் சிங்கள உழவனை முதல் நாளே அழைத்து, அவன் கையாலேயே முதல் மூட்டையை வைக்கச் சொல்லுங்கள். தான் வைத்த மூட்டையை உடைக்க அவன் மண்வெட்டி தூக்கமாட்டான்.

கோடை எவரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை. அது வருமுன் நாம் ஆயத்தமாவோம்.