தலையிடிக்காகக் காத்திருக்க வேண்டாம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"பிரஷரின் அறிகுறிகள்" பற்றிப் பேசும்படி கேட்டார்கள். கேட்டவர்கள் கோபிக்கக்கூடாது. உயர் குருதி அமுக்கம் உள்ள பெரும்பாலானோருக்கு அறிகுறி எதுவுமே இருப்பதில்லை. நாம் சொல்ல வந்ததில் பாதி அவ்வளவுதான்.

நாவற்குடாவில் எந்த வீட்டில் கேட்டாலும், தலை இடித்தால் பிரஷர், தலை சுற்றினால் பித்தம் என்பார்கள். இடிக்காவிட்டால் குளிசை தேவையில்லையாம். எங்களோடு படித்த ஒருத்தியும் அப்படித்தான் நினைத்தாள். வலைப்பந்து அணியில் விளையாடியவள். குளிசையால் அளவு இறங்கியதும், "எனக்கு இப்ப ஒண்டுமில்ல" என்று நிறுத்திவிட்டாள். நாங்களும் தடுக்கவில்லை. சில மாதங்களில் பாரிசவாதம். வலது கை இன்னும் வழங்கவில்லை. இன்று இங்கே வந்திருக்கிறாள்; இதைச் சொல்லச் சொன்னதும் அவள்தான்.

ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும். வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் அது உயர் அமுக்கம். அளக்குமுன் அரை மணி நேரம் தேநீர் வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து, பேசாமல் இருங்கள் (நமக்கு இதுதான் கடினம்). பட்டியைச் சட்டைக் கைக்கு மேல் சுற்றவிடாதீர்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு அரசின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

வீடு தேடிப் போய்க் கவனித்தால் பலன் உண்டு. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் 2,645 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. நம் நாட்டில் அந்த வேலையைச் செய்தவர்கள் குடும்பநல மருத்துவிச்சிமார். இரண்டு ஆண்டுகளில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு மேல் அளவு சராசரி 5 புள்ளி கூடுதலாக இறங்கியது.

தங்கைமாருக்கு ஒன்று. கர்ப்பம் 20 வாரம் தாண்டிய பின் விடாத தலையிடி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம். அக்காமாரே, பிள்ளைப்பேற்றின்போது பிரஷர் இருந்தவர்களுக்குப் பிற்காலத்திலும் அது வர வாய்ப்புக் கூட. வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்நாட்டு அவசர இலக்கத்தை. தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துப் பார்க்க வேண்டாம், புரைக்கேறும். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும்.

மண்டபத்தின் பின்புறம் இரண்டு கருவிகள் வைத்திருக்கிறோம். தேநீருக்கு முன் வாருங்கள்.